நாணயத்தைப் படம் எடுக்க மைக்ரோஸ்கோப் விளக்கை அணைத்துவிடுங்கள்

யூஎஸ்பி மைக்ரோஸ்கோப்பில் நாணயத்தைப் படம் எடுக்கும்போது, லென்ஸைச் சுற்றியுள்ள எல்இடி விளக்குகளை அணைத்துவிட்டு, செல்போன் டார்ச்சை ஒரு பக்கமாகத் தாழ்வாகப் பிடியுங்கள். மேலிருந்து நேராக விழும் ஒளி உலோகத்தில் பட்டு அப்படியே கேமராவுக்குத் திரும்பும். படத்தில் வெள்ளைத் திட்டுகள்தான் மிஞ்சும். சாய்வாக வரும் ஒளியிலோ மேடான கோடுகளுக்கு நிழல் விழும். அந்த நிழலை வைத்துத்தான் தேய்ந்த எழுத்தைப் படிக்கிறோம்.

பிரெஞ்சுக்காரர் காலத்துப் புதுச்சேரி செப்புத் துட்டுகளில் ஊர்ப் பெயர் தமிழிலேயே இருக்கும், பெரும்பாலும் மழுங்கிப்போயிருக்கும். டார்ச்சை அசைக்காமல் காசை மட்டும் மெல்லச் சுழற்றுங்கள், ஏதாவதொரு கோணத்தில் எழுத்து பிடிபடும். அதற்காகப் புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள், சேகரிப்பாளர்களிடம் மதிப்பே போய்விடும்.

பளபளக்கும் புதுக் காசுக்கு இந்த வழி சரிவராது. மயிரிழைக் கீறலைக்கூடப் பள்ளம் போலக் காட்டும். அதற்கு டார்ச்சின் முன்னால் டிரேசிங் பேப்பர் பிடித்தால் ஒளி பரவி விழும். நிறத்தைக் காட்ட வேண்டிய படத்துக்கும் அதுவே நல்லது. உருப்பெருக்கம் அதிகமாகி லென்ஸ் காசை ஒட்டி நின்றால் பக்கத்து ஒளி உள்ளே நுழையாது; அப்போது எல்இடியைக் குறைத்து வைப்பதைத் தவிர வழியில்லை.