லண்டனில் ஓர் ஓவியம், ஒரு மாளிகை: பிரிட்டிஷ் கலையைப் பார்க்கத் தொடங்குபவர்களுக்கு

லண்டனுக்கு வரும் நம்மவர்கள் பெரும்பாலும் காலையில் பிரிட்டிஷ் மியூசியத்துக்குள் நுழைந்து, மாலையில் கால் கடுக்க வெளியே வருகிறார்கள். பார்த்ததில் பாதி எகிப்து, மீதி கிரேக்கம். இந்த நாட்டின் சொந்த ஓவியத்தையும் வரலாற்றையும் தெரிந்துகொள்ள வேறு வழி இருக்கிறது. ஒரே ஓவியரை எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய ஒரு படத்தை ஓவியக்கூடத்திலும் இன்னொன்றைப் பழைய மாளிகையிலும் பாருங்கள். 18ஆம் நூற்றாண்டின் உருவப்படங்கள் ஓவியக்கூடத்துக்காக வரையப்பட்டவை அல்ல. யாரோ ஒருவருடைய வீட்டுச் சுவருக்காக, அவர் கொடுத்த காசுக்காக வரையப்பட்டவை. அப்படிப்பட்ட வீட்டுக்குள் ஒரு முறையாவது நடந்தால்தான் படம் பிடிபடும். தொடங்குவதற்கு நான் பரிந்துரைப்பவர் தாமஸ் கெயின்ஸ்பரோ (1727–1788).

படி 1: நேஷனல் கேலரியில் ஒரே ஒரு படம்

டிரஃபால்கர் சதுக்கத்தில் இருக்கிறது. அனுமதி இலவசம். வெள்ளிக்கிழமைகளில் இரவு 9 மணி வரை திறந்திருக்கும். மாலையில் போவது நல்லது. உள்ளே போனதும் ‘மிஸ்டர் அண்ட் மிஸஸ் ஆண்ட்ரூஸ்’ எந்த அறையில் இருக்கிறது என்று ஊழியரிடம் கேளுங்கள். வழியில் கண்ணில் படும் மற்ற படங்கள் இன்னொரு நாளைக்கு.

முதலில் தள்ளி நின்று பாருங்கள். இடப்பக்கம் ஓக் மரத்தடியில் ஒரு தம்பதி. நீலப் பாவாடை விரிய மனைவி பெஞ்சில் அமர்ந்திருக்கிறார். கணவர் கையிடுக்கில் துப்பாக்கியோடு நிற்கிறார், காலடியில் நாய். வலப்பக்கம், படத்தின் சரிபாதி, வெறும் நிலம். தம்பதியை வரையச் சொன்னால் ஏன் இவ்வளவு வயல்? அது அவர்களுடைய வயல். கதிர்க்கட்டுகளுக்குப் பக்கத்தில் அறுத்த தாள்கள் நேர்நேர் வரிசையாக நிற்பதைக் கவனியுங்கள். கையால் வீசி விதைத்தால் இப்படி வராது; விதைக்கும் கருவி கொண்டு விதைத்த, அந்தக் காலத்துக்கு நவீனமான விவசாயம் அது. ‘நாங்கள் நிலவுடைமையாளர்கள், அதிலும் முன்னேறியவர்கள்’ என்று சொல்லும் படம்.

இப்போது நெருங்கி, மனைவியின் மடியைப் பாருங்கள். அங்கே ஓர் இடம் வரையப்படாமலேயே விடப்பட்டிருக்கிறது. கணவர் சுட்ட பறவை வரவேண்டிய இடம் என்கிறார்கள் சிலர். பிறக்கப்போகும் குழந்தைக்காக விட்டது என்கிறார்கள் வேறு சிலர். 1750 வாக்கில், இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த ஓர் இளைஞர் தீட்டிய படம் இது. பத்து நிமிடமாவது அங்கே நில்லுங்கள்.

படி 2: விவரச் சீட்டின் கடைசி வரி

படத்துக்குப் பக்கத்தில் உள்ள சீட்டில் எல்லோரும் பெயரையும் ஆண்டையும் படிப்பார்கள். நீங்கள் கடைசி வரியையும் படியுங்கள். படம் அங்கே எப்படி வந்தது என்பது அதில் இருக்கும்: விலைக்கு வாங்கியது, உயில் மூலம் வந்தது, வாரிசு வரிக்குப் பதிலாக அரசிடம் ஒப்படைத்தது என்று. பிரிட்டனின் பெரிய குடும்பங்கள் 20ஆம் நூற்றாண்டில் சொத்துகளை எப்படிக் கைவிட்டன என்ற கதையே இந்த வரிகளில்தான் கிடக்கிறது.

படி 3: கென்வுட் மாளிகை

ஆர்ச்வே அல்லது கோல்டர்ஸ் கிரீன் ஸ்டேஷனிலிருந்து 210ஆம் எண் பஸ். ஹாம்ப்ஸ்டெட் ஹீத் புல்வெளியின் விளிம்பில் வெள்ளை மாளிகை. இங்கும் அனுமதி இலவசம்.

நேராகக் கெயின்ஸ்பரோவின் ‘கௌண்டஸ் ஹவ்’ படத்திடம் போங்கள். 1760களில் தீட்டியது. ஆண்ட்ரூஸ் தம்பதி பொம்மைகளைப் போல விறைப்பாக இருந்தார்கள் அல்லவா? இந்தப் பெண்மணி நம்மை நோக்கி நடந்தே வருகிறார். இளஞ்சிவப்புப் பட்டின் மேல் மெல்லிய வலைத்துணி; அதற்குள்ளிருந்து பட்டின் நிறம் கசிவதைப் பக்கத்தில் போய்ப் பாருங்கள். தூரத்தில் துணியாகத் தெரிந்தது கிட்டத்தில் வெறும் தூரிகைக் கீற்றுகளாகிவிடும். பதினைந்து ஆண்டுகளில் ஒரு கை எவ்வளவு வளர முடியும் என்பதை இரண்டு படங்களை வைத்தே கண்ணால் அளந்துவிடலாம். எனக்கு இதைவிடப் பெரிய ஓவியப் பாடம் லண்டனில் தெரியாது.

பிறகு நூலக அறைக்குப் போங்கள். 1764 முதல் கட்டடக் கலைஞர் ராபர்ட் ஆடம் இந்த வீட்டைப் புதுப்பித்துக் கட்டினார். வளைந்த கூரை, இளஞ்சிவப்பும் வெளிர்நீலமுமான சுவர்கள், ஜன்னல்களுக்கு எதிரே வெளிச்சத்தைத் திருப்பியடிக்கும் கண்ணாடிகள். கௌண்டஸ் ஹவ் போன்றவர்கள் பட்டுடையில் உலவியது இப்படிப்பட்ட அறைகளில்தான்.

படி 4: யார் வீடு, யார் பணம்?

இந்தக் கேள்வியைத் தவறாமல் கேளுங்கள். கென்வுட்டில் இன்று இருக்கும் ஓவியங்கள் அதைக் கட்டியவர்களுடையவை அல்ல; கின்னஸ் பீர் குடும்பத்தைச் சேர்ந்த ஐவா பிரபு சேர்த்து, 1927இல் மாளிகையோடு நாட்டுக்கு விட்டுச்சென்றவை. அதற்கு முன் வீடு தலைமை நீதிபதி மான்ஸ்ஃபீல்ட் பிரபுவினுடையது. ஜேம்ஸ் சோமர்செட் என்ற அடிமையை இங்கிலாந்திலிருந்து வலுக்கட்டாயமாக வெளியே கொண்டுபோக முடியாது என்று 1772இல் தீர்ப்பளித்தவர் அவர். அதே சமயம் அவர் வீட்டில் வளர்ந்துகொண்டிருந்தார் டைடோ பெல். ஆப்பிரிக்க அடிமைப் பெண் ஒருவருக்கும் மான்ஸ்ஃபீல்டின் சகோதரி மகன் சர் ஜான் லிண்ட்சேக்கும் பிறந்த மகள். அந்த லிண்ட்சேதான் 1770இல் ஆற்காட்டு நவாப் முகமது அலியிடம் பிரிட்டிஷ் மன்னரின் தூதராக மதராஸுக்கு வந்தவர். நம் ஊர் வரலாறு லண்டன் வரவேற்பறைக்குள் இவ்வளவு நெருக்கமாக வந்து நிற்கிறது.

வேல்ஸில் உள்ள பாவிஸ் கோட்டையில் இது இன்னும் வெளிப்படை. ராபர்ட் கிளைவின் மகன் எட்வர்ட் கிளைவ் மதராஸ் ஆளுநராக இருந்தபோதுதான் 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. திப்பு சுல்தானின் கூடாரம் இன்று அந்தக் கோட்டையில் இருக்கிறது.

படி 5: கட்டணம் உள்ள மாளிகைகள்

பாவிஸ் போன்ற பல மாளிகைகளை நடத்துவது 1895இல் தொடங்கிய நேஷனல் டிரஸ்ட் என்ற தொண்டு அமைப்பு. தனித்தனியாக டிக்கெட் வாங்கினால் செலவு கூடும்; ஆண்டுக்குச் சில மாளிகைகளாவது பார்ப்பதாக இருந்தால் உறுப்பினராகிவிடுங்கள். குளிர்காலத்தில் பல வீடுகளின் உட்பகுதி மூடியிருக்கும் என்பதால் கிளம்பும் முன் இணையதளத்தைப் பாருங்கள். அறைகள் இருட்டாக இருக்கும். துணியும் வண்ணமும் வெளிச்சத்தில் மங்கும் என்று திரை இறக்கியிருப்பார்கள். பழைய நாற்காலியின் மேல் பைன் மரக் காய் வைத்திருந்தால், உட்காராதீர்கள் என்று பொருள். அறைக்கு அறை நிற்பவர்கள் பெரும்பாலும் தன்னார்வலர்கள். ஒரு கேள்வி கேளுங்கள் போதும், பலகையில் எழுதாத கதையெல்லாம் சொல்வார்கள்.

படி 6: ஓவியர் பிறந்த ஊர்

கெயின்ஸ்பரோ மனதுக்குப் பிடித்துவிட்டால் சஃபோக்கில் உள்ள சட்பரிக்கு ரயில் ஏறுங்கள். லிவர்பூல் ஸ்ட்ரீட்டில் புறப்பட்டு மார்க்ஸ் டேயில் மாற வேண்டும். அவர் பிறந்த வீடு இப்போது அருங்காட்சியகம். ஆண்ட்ரூஸ் தம்பதியின் நிலம் அந்த ஊருக்குப் பக்கத்தில்தான். படத்தின் தொலைவில் சிறிதாகத் தெரிவது சட்பரியின் ஆல் செயின்ட்ஸ் தேவாலயம். ஊருக்குள் நடந்தால் அதையும் பார்த்துவிட்டு வரலாம்.