டிரம் குச்சியைப் பிடிப்பது எப்படி: துள்ளலிலிருந்து தொடங்குங்கள்

டிரம் கற்கத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் குச்சியைச் சுத்தியல் பிடிப்பதைப் போல ஐந்து விரல்களாலும் இறுக்கிக்கொள்கிறார்கள். அடித்த குச்சி தோலிலிருந்து மேலெழும்போது அந்தத் துள்ளலை இறுகிய கை விழுங்கிவிடுவதால், ஒவ்வோர் அடிக்கும் குச்சியைத் தூக்கிவிடும் வேலையும் மணிக்கட்டின் தலையில் விழுகிறது; பத்து நிமிடத்தில் முன்கை கனத்துப்போகிறது. குச்சி தானாகத் துள்ள எவ்வளவு இடம் கொடுப்பது, கையை விட்டு நழுவாமல் எந்த இடத்தில் தாங்குவது என்ற இரண்டையும் கண்டுகொள்வதே பிடியைத் தேடுவதாகும்.

தொடக்கத்திற்கு, 16 அங்குல நீளமும் 14 மில்லிமீட்டரைச் சற்றே தாண்டிய தடிமனும் உள்ள 5ஏ ரகக் குச்சி போதும். அதன் அடிமுனையிலிருந்து ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தள்ளி, கட்டைவிரலின் சதைப்பகுதிக்கும் ஆள்காட்டி விரலின் முதல் மூட்டுக்கும் நடுவில் மெதுவாகப் பிடித்துக்கொண்டு, மற்ற விரல்களை விலக்கி, நுனியை ஸ்னேர் என்னும் சிறிய டிரம்மின் மீதோ பயிற்சிக்கான ரப்பர் பேடின் மீதோ விழவிடுங்கள். எத்தனை முறை துள்ளி அடங்குகிறது என்று எண்ணுங்கள். பிறகு அரை அங்குலம் முன்னே, அரை அங்குலம் பின்னே என்று விரல்களை நகர்த்தி அதையே திரும்பச் செய்யுங்கள். அடிமுனையைப் பிடித்தால் குச்சி இரண்டு மூன்று துள்ளலில் செத்துப்போகும். நடுப்பகுதிக்கு மிக அருகில் பிடித்தாலும் வீச்சு குறைந்துவிடும். இடையில் ஓரிடத்தில் துள்ளல் நீண்டு, சீராகச் சிறுத்துக்கொண்டே போய் அடங்கும். உங்கள் குச்சிக்கும் உங்கள் கைக்கும் உரிய தாங்குபுள்ளி அதுதான். அந்த இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு வைத்துக்கொள்வது முதல் சில வாரங்களுக்கு மிகவும் உதவும்.

புள்ளி கிடைத்தபின், விலக்கி வைத்த மூன்று விரல்களையும் குச்சியைச் சுற்றி வளைத்துவிடுங்கள். அவை தொட்டுக்கொண்டிருக்க வேண்டுமே தவிர, அழுத்தக் கூடாது. சுண்டுவிரல் காற்றில் நீட்டிக்கொண்டிருந்தால், வேகம் கூடும்போது குச்சியைத் திருப்பி அனுப்ப விரல் இருக்காது. கட்டைவிரல் குச்சியின் மேல் ஏறி நிற்காமல், பக்கவாட்டில் அதன் நீளவாக்கில் படுத்திருக்கட்டும்.

இரு கைகளும் ஒரே விதமாகப் பிடிக்கும் இந்தப் பிடி, உள்ளங்கை நோக்கும் திசையைப் பொறுத்து மூன்றாகப் பிரிகிறது. உள்ளங்கை தரையைப் பார்க்கும் ஜெர்மன் பிடியில் அடி மணிக்கட்டிலிருந்து பிறப்பதால், ஸ்னேரில் பலமான அடிகளுக்கு அது உகந்தது. கட்டைவிரல் மேலே இருக்க, உள்ளங்கைகள் ஒன்றையொன்று பார்க்கும் பிரெஞ்சுப் பிடியில் விரல்களே வேலை செய்கின்றன. டிம்பனி என்ற பெரிய கிண்ண வடிவ டிரம்மை வாசிப்பவர்களும், ரைடு சிம்பல் என்ற உலோகத் தட்டில் விரைவாக ஓடுபவர்களும் அதை நாடுகிறார்கள். இரண்டுக்கும் நடுவில் கையைச் சாய்த்து வைப்பது அமெரிக்கப் பிடி. புதிதாகக் கற்பவருக்கு நான் இதைத்தான் சொல்வேன், ஏனெனில் இதிலிருந்து மற்ற இரண்டுக்கும் கையைச் சற்றுத் திருப்பினாலே போய்விடலாம்.

ஜாஸ் கலைஞர்களின் இடக்கை வேறு விதமாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். தோளில் தொங்கிய இராணுவ டிரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றதால், விளிம்பு இடறாமல் அடிக்க இடது உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்ப வேண்டியிருந்தது. அந்த வழக்கமே மரபுப் பிடியாக நிலைத்தது. குச்சி கட்டைவிரலின் இடுக்கில் பதிந்து, மோதிர விரலின் மேல் தங்க, கதவுக் குமிழைத் திருகுவதைப் போல முன்கை சுழல்கிறது. 1964 பிப்ரவரி 9 அன்று பீட்டில்ஸ் குழு அமெரிக்கத் தொலைக்காட்சியில் தோன்றியபோது, ரிங்கோ ஸ்டார் இரு கைகளாலும் ஒரே விதமாகப் பிடித்து வாசித்ததைக் கோடிக்கணக்கானோர் பார்த்தார்கள். அதன்பின் இளைஞர்களிடையே அந்தப் பிடி வேகமாகப் பரவியது. மரபுப் பிடியின் நயம் எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனாலும் அதையே முதலில் பழகுவதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

கொப்புளம் எழும் இடத்தையும் கவனியுங்கள். நான் கற்ற முதல் ஆண்டில், மூன்று மணிநேரக் கச்சேரி ஒன்றின் பாதியிலேயே ஆள்காட்டி விரலின் பக்கவாட்டில் தோல் உரிந்துவிட்டது. கை வியர்த்ததும் குச்சி வழுக்கியது, வழுக்கியதும் இன்னும் இறுக்கினேன், இறுக்கியதால் உராய்வு கூடியது. வழுக்கும்போது பிடியை இறுக்காமல், கையைத் துடைத்துவிட்டுத் தாங்குபுள்ளிக்கே திரும்புவதுதான் சரி. பளபளப்பான வார்னிஷ் பூசாத குச்சி வியர்வைக் கைக்குச் சற்று நன்றாக நிற்கும். கொப்புளம் தோலோடு போகும். மணிக்கட்டிலோ முழங்கையிலோ வலி வந்தால் அன்றைக்கு வாசிப்பதை நிறுத்திவிடுங்கள்.

நாள்தோறும் மெட்ரோனோம் என்ற தாளம் தட்டும் கருவியை நிமிடத்திற்கு 60 தட்டு என்று வைத்து, ஒவ்வொரு கைக்கும் ஐந்து நிமிடம் தனித்தனி அடிகளாக வாசியுங்கள். ஒவ்வோர் அடிக்குப் பின்னும் குச்சியின் நுனி புறப்பட்ட உயரத்திற்கே தானாகத் திரும்பி வருகிறதா என்று பாருங்கள். வலக்கையில் திரும்பி, இடக்கையில் பாதியிலேயே நின்றுவிட்டால், இடக்கையின் கடைசி மூன்று விரல்களைத் தளர்த்திவிட்டு மறுபடி தொடங்குங்கள்.