பில்ட் முடிந்தது, போர்டு உறைந்தது: புது ஆர்க்கிடெக்சர் சேர்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

1989-இல் வட ஆற்காடு மாவட்டம் இரண்டானது. 2019-இல் வேலூர் மாவட்டம் மூன்றானது. அரக்கோணம் ராணிப்பேட்டையோடு போனது, ஆம்பூர் திருப்பத்தூரோடு. ரசீது, லெட்டர்பேடு, பெயர்ப்பலகை என்று எல்லாவற்றிலும் மாவட்டப் பெயரைப் போட்டு வைத்திருந்த கடைக்காரருக்கு எல்லாவற்றையும் மாற்றும் வேலை வந்தது.

ப்ராஜெக்ட் ஜெனரேட்டரில் (பில்ட் கோப்புகளைத் தானே எழுதித் தரும் கருவியில்) புது மைக்ரோகன்ட்ரோலரைச் சேர்ப்பவர்களும் இதே சிக்கலைத் தாங்களே உண்டாக்கிக்கொள்கிறார்கள். கோர் (கட்டளைகளை ஓட்டும் பகுதி), சிப், போர்டு மூன்றையும் ஒரே கோப்பில் குழைத்துவிடுவார்கள். எஸ்டிஎம்32எஃப்103சி8 என்பது சிப்; அதற்குள் இருப்பது கார்டெக்ஸ்-எம்3 கோர். கம்பைலர் ஃப்ளாக்குகள் (கம்பைலருக்குக் கொடுக்கும் குறிப்புகள்) கோருக்குச் சொந்தம். 64 கேபி ஃப்ளாஷ், 20 கேபி ராம் என்ற கணக்கு சிப்புக்குச் சொந்தம். எல்இடி எந்தப் பின்னில் என்பது போர்டோடு போகட்டும். பிரித்து வைத்தால், அடுத்த சிப் வரும்போது நாலு வரியில் முடியும்.

எனக்கு அதிகம் வலித்த தவறு வேறு. காட்பாடியில் நாங்கள் கழிவுநீர்த் தொட்டிகளுக்குப் பம்ப் கன்ட்ரோலர் செய்கிறோம். செலவைக் குறைக்க கார்டெக்ஸ்-எம்0 சிப்புக்கு மாறினோம். ஜெனரேட்டரில் அதற்கான பகுதியை எழுதியவன் நான். ஒரு வார்னிங்கூட இல்லாமல் பில்ட் முடிந்தது. எல்இடி மினுக்கியது. தொட்டியின் நீர்மட்டத்தைச் சதவீதமாக்கும் வரிக்கு வந்ததும் போர்டு உறைந்தது. டிபக்கரில் ஹார்டு ஃபால்ட், அதாவது கோர் மேலே ஓட முடியாமல் விழும் பிழை. இரண்டு நாள் பவர் சப்ளையைச் சந்தேகப்பட்டோம்.

கடைசியில் பார்த்தால், சிபியு பெயரைச் சொல்லும் ஃப்ளாக் கம்பைல் வரியில் இருந்தது, எல்லாக் கோப்புகளையும் ஒரே ப்ரோகிராமாக இணைக்கும் லிங்க் வரியில் இல்லை. எம்0-வில் வகுத்தலுக்கென்று கட்டளை கிடையாது. அதற்கு ஜிசிசி கம்பைலர் தன் லைப்ரரியில் உள்ள ஃபங்ஷனைக் கூப்பிடும். எந்த லைப்ரரி என்பதை லிங்க் வரியில் உள்ள ஃப்ளாக்கை வைத்துத்தான் முடிவு செய்யும். ஒன்றும் சொல்லாவிட்டால் பழைய ஏஆர்எம் கட்டளைகள் உள்ளதை எடுத்துக்கொள்ளும். கார்டெக்ஸ்-எம் கோர்களுக்கோ தம்ப் என்ற சுருக்கமான கட்டளைத் தொகுப்பு மட்டும்தான் தெரியும். அதனால் வகுத்தல் வந்த இடத்தில் விழுந்தது. அன்றிலிருந்து கோர் ஃப்ளாக்குகளை ஒரே பட்டியலில் வைத்து, கம்பைல், அசெம்பிள், லிங்க் மூன்றுக்கும் அதையே கொடுக்கிறேன்.

கார்டெக்ஸ்-எம்4-க்குப் போனால் ஃப்ளோட் (தசம எண்) சிக்கல். ஒரு கோப்பு ஹார்டு ஃப்ளோட்டிலும் (தசமக் கணக்கு வன்பொருளில்) இன்னொன்று சாஃப்ட்டிலும் (மென்பொருளில்) இருந்தால் லிங்கரே கத்தும். அது நமக்கு நல்லது. ஆனால் சிப் எழுந்ததும் முதலில் ஓடும் ஸ்டார்ட்டப் கோடில் எஃப்பியு-வை (தசமக் கணக்கு வன்பொருளை) இயக்க மறந்தால் யாரும் சொல்ல மாட்டார்கள். முதல் தசமக் கணக்கிலேயே மறுபடியும் ஃபால்ட்.

ரிஸ்க்-ஃபைவ் (இன்னொரு கோர் குடும்பம்) என்று ஒரே பெயரில் எல்லாவற்றையும் அடைக்க வேண்டாம். ஜிடி32விஎஃப்103 சிப்பின் கட்டளைத் தொகுப்பு ஆர்வி32ஐஎம்ஏசி, சிஎச்32வி003 சிப்பினுடையது ஆர்வி32இசி; பின்னதில் ரிஜிஸ்டர்களே 16-தான், ஏபிஐ-யும் (ஃபங்ஷன்கள் மதிப்புகளைப் பரிமாறும் முறை) வேறு. அப்புறம், பைன்யூட்டில்ஸ் (அசெம்பிளரும் லிங்கரும் உள்ள தொகுப்பு) 2.38 முதல் சிஎஸ்ஆர் (கட்டுப்பாட்டு ரிஜிஸ்டர்) கட்டளைகள் ஸிசிஎஸ்ஆர் என்ற தனி எக்ஸ்டென்ஷனாகப் பிரிந்துவிட்டன. நேற்று ஓடிய பில்ட் டூல்செயினைப் புதுப்பித்ததும் நின்றால், முதலில் ஆர்க்கிடெக்சர் பெயரோடு ஸிசிஎஸ்ஆர் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

ஏவிஆர் சிப்புகளின் கதை தனி. சிப்பின் பெயரைச் சொன்னாலே ஜிசிசி லிங்கர் ஸ்கிரிப்டையும் (எது எந்த நினைவக முகவரியில் என்று சொல்லும் கோப்பு) ஸ்டார்ட்டப் கோடையும் தானே எடுத்துக்கொள்ளும். "எல்லா சிப்புக்கும் லிங்கர் ஸ்கிரிப்ட் கட்டாயம்" என்று ஜெனரேட்டரில் எழுதி வைத்திருந்தால் இங்கே மாட்டிக்கொள்வீர்கள்.

சிமேக் என்ற பில்ட் கருவிக்குக் கோப்பு உருவாக்குபவர்களுக்கு ஒன்று: கம்பைலர் சோதனையில் அது ஒரு முழு ப்ரோகிராமை லிங்க் செய்து பார்க்கும். ஓஎஸ் இல்லாத சிப்பில் அது பெரும்பாலும் தோற்கும். சோதனையையே அணைத்துவிடாதீர்கள், லிங்க் தேவைப்படாத ஸ்டாட்டிக் லைப்ரரியாகச் சோதிக்கச் சொன்னால் போதும்.

எல்இடி மினுக்கினால் போதும் என்று நான் இப்போது எந்தச் சிப்பையும் ஏற்பதில்லை. சோதனை ப்ரோகிராமில் ஒரு வகுத்தல், ஒரு தசமப் பெருக்கல், ஒரு டைமர் இன்ட்டரப்ட், தொடக்க மதிப்போடு ஒரு குளோபல் மாறி, இவை நான்கும் இருக்கும். வகுத்தலிலும் பெருக்கலிலும் ஒரு கவனம் வேண்டும்: இரண்டு எண்களையும் வொலட்டைல் (மதிப்பு எப்போது வேண்டுமானாலும் மாறலாம்) என்று அறிவியுங்கள். இல்லையென்றால் கம்பைலரே கணக்கைப் போட்டு விடையை எழுதிவிடும், லைப்ரரி பக்கமே போகாது.