முதல் வெல்டிங் மிஷின்: வீட்டில் கற்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டுக்கு வெல்டிங் மிஷின் வாங்கப் போகிறவர்கள் கடையில் முதலில் கேட்பது "எத்தனை ஆம்பியர்?" என்றுதான். பணம் வீணாவது பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது. கேட்டுக்குக் கீல் வைப்பது, மாடித் தோட்டத்துக்கு ஸ்டாண்டு அடிப்பது, உடைந்த இரும்பு நாற்காலியைச் சரி செய்வது போன்ற வீட்டு வேலைகளுக்கு 2.5 மி.மீ. ராடும் (உருகி இணைப்பை நிரப்பும் வெல்டிங் குச்சி) எப்போதாவது 3.15 மி.மீ. ராடும் போதும். முன்னதற்கு 60 முதல் 90 ஆம்பியர் வேண்டும், பின்னதற்கு 90 முதல் 130. ஆகவே நேர்மையாக 160 ஆம்பியர் தரும் இன்வெர்ட்டர் மிஷின் (எலெக்ட்ரானிக் போர்டால் இயங்கும் வெல்டிங் மிஷின், வீட்டு பேட்டரி இன்வெர்ட்டர் அல்ல) இருந்தாலே தாராளம். பெட்டியில் 250, 300 என்று பெரிதாக அச்சிட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம்.

அதைவிட முக்கியமாகப் பார்க்க வேண்டியது டியூட்டி சைக்கிள், அதாவது 10 நிமிடத்தில் எவ்வளவு நேரம் மிஷின் தொடர்ந்து வேலை செய்யும் என்ற அளவு. 160 ஆம்பியரில் 60 சதவீதம் என்றால், அந்த அளவில் 10 நிமிடத்தில் 6 நிமிடம் வெல்டிங் செய்யலாம், 4 நிமிடம் மிஷின் ஆற வேண்டும். இந்தக் கணக்கு வழக்கமாக 40 டிகிரி வெப்பத்தை வைத்துப் போடப்படுவது. நம்மூர் சித்திரை வெயிலில் தகரக் கொட்டகைக்குள் அந்த 6 நிமிடத்தைவிடக் குறைவாகத்தான் கிடைக்கும். இந்த விவரமே அச்சிடாத மிஷினை நான் வாங்கச் சொல்ல மாட்டேன். நம் ஊரிலேயே அதைப் பழுது பார்க்கிறவர் இருக்கிறாரா என்றும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது கரண்ட். செல்போன் சார்ஜ் போடும் சின்ன பிளக்கில் மிஷினைச் செருகக் கூடாது. 100 ஆம்பியரில் வெல்டிங் நடக்கும்போது சுவரிலிருந்து கிட்டத்தட்ட 3 கிலோவாட் இழுக்கும். நல்ல எர்த் உள்ள 16 ஆம்பியர் சாக்கெட்டும் அதற்கேற்ற வயரிங்கும் எம்சிபியும் (கரண்ட் அளவு மீறினால் தானே அணையும் சுவிட்ச்) வேண்டும். எக்ஸ்டென்ஷன் போட்டே தீர வேண்டுமென்றால் குறைந்தது 2.5 சதுர மி.மீ. செம்பு வயர் போடுங்கள். அதைச் சுருட்டியபடி வைக்காமல் முழுக்க விரித்துப் போடுங்கள், சுருளாக இருந்தால் சூடேறி உருகும்.

ராடு வெல்டிங்கோடு மிக் (வயர் தானாக வந்து உருகும் முறை), டிக் (டங்ஸ்டன் முனையால் பற்றவைக்கும் முறை) எல்லாம் ஒன்றாகச் செய்யும் மிஷினைத் தொடக்கத்திலேயே வாங்குவது அவசியமில்லை. ராடு வெல்டிங் கற்பது சற்றுக் கடினம்தான். ஆனால் சிலிண்டர் வேண்டாம், காற்றடிக்கும் திறந்த வெளியிலும் நடக்கும், ராடு ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். ஒரு விதிவிலக்கு உண்டு. 1 மி.மீ. தடிமன் உள்ள மெல்லிய ஸ்கொயர் பைப் வேலை மட்டுமே செய்யப் போகிறீர்கள் என்றால், கேஸ் இல்லாத ஃபிளக்ஸ் வயர் (உள்ளே பாதுகாப்புப் பொடி அடைத்த வயர்) மிக் மிஷினை யோசிக்கலாம். ராடில் கற்பவர் கையில் அந்தப் பைப் பொத்தல் பொத்தலாகிவிடும்.

மிஷினில் மிச்சம் பிடிக்கும் பணத்தைக் கண்ணுக்குச் செலவிடுங்கள். பட்டறைகளில் வெறும் கறுப்புக் கண்ணாடி போட்டு வேலை செய்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். அதைப் பின்பற்றவே வேண்டாம். கேஸ் வெல்டிங் கண்ணாடிகூட ஆர்க் (ராடு நுனிக்கும் இரும்புக்கும் இடையே எரியும் மின்சுடர்) வெளிச்சத்துக்குப் போதாது. தானாகக் கருக்கும் ஹெல்மெட் வாங்கி ஷேடு (கண்ணாடியின் கருமை அளவு) 10 அல்லது 11-இல் வையுங்கள். கையில் பிடிக்கும் ஷீல்டு மலிவுதான், ஆனால் கற்பவருக்கு இரண்டு கையும் தேவைப்படும். வெறும் கண்ணால் பார்த்தால் உடனே ஒன்றும் தெரியாது. பல மணி நேரம் கழித்து, நடுராத்திரியில் மணல் அள்ளிப் போட்டது மாதிரி கண் உறுத்தும், நீர் கொட்டும். அப்போது தாய்ப்பால் விடு, உருளைக்கிழங்கு வை என்பார்கள். கண்ணில் எதையும் ஊற்றாமல், வைக்காமல் கண் மருத்துவரிடம் போங்கள். மரத்துப்போக வைக்கும் சொட்டு மருந்தை வாங்கி நீங்களாகத் திரும்பத் திரும்ப விடுவது கருவிழியைக் கெடுக்கும். பருத்திச் சட்டை, தோல் கையுறை, மூடிய ஷூ அவசியம். பாலியஸ்டர் தீப்பொறி பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும்.

சரி, கற்கும் விதத்துக்கு வருவோம். முதல் நாளே கேட் செய்ய உட்காருவதுதான் பெரிய தவறு. பழைய இரும்புக் கடையில் 5, 6 மி.மீ. தடிமனுள்ள இரும்புப் பட்டைகளை எடை போட்டு வாங்கி வாருங்கள். 6013 என்ற வகை ராடு, 2.5 மி.மீ., 80 ஆம்பியர். இரண்டு துண்டை இணைக்க அவசரப்படாமல், ஒரே பட்டையின் மேல் கோடு கோடாக இழுத்துப் பழகுங்கள். ராடின் நுனிக்கும் இரும்புக்கும் இடையே ராடின் தடிமன் அளவுதான் இடைவெளி. ராடு கரையக் கரையக் கையும் இறங்கிக்கொண்டே போக வேண்டும். பலருக்கு இதுதான் வராது. கை அதே உயரத்தில் நிற்கும், ஆர்க் நீண்டு பொறி சிதறும்.

அதைவிடக் கடினம், எதைப் பார்ப்பது என்று அறிவது. புதியவர் கண் வெளிச்சத்தையே பார்க்கும். பார்க்க வேண்டியது அதற்குப் பின்னால் உள்ள உருகிய இரும்புக் குளத்தை. அது வழவழப்பாக, ஓரம் தெளிவாகத் தெரியும். அதன்மேல் நெளிந்து மிதப்பது கசடு, ராடின் மேல்பூச்சு உருகி வருவது. இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்த அன்று உங்கள் வெல்டிங் மாறிவிடும். கசடு குளத்தை முந்திக்கொண்டு ஓடினால் அது உள்ளே சிக்கிக்கொள்ளும். அப்போது ராடை நிமிர்த்தாமல், அதன் மேல்முனையை இழுக்கும் திசைப் பக்கம் இன்னும் கொஞ்சம் சாய்த்துப் பிடித்து வேகத்தைக் கூட்டுங்கள். தேவைப்பட்டால் 5 ஆம்பியர் ஏற்றுங்கள்.

ராடு ஒட்டிக்கொண்டால் உடனே ஆம்பியரை ஏற்றுவார்கள். முதலில் எர்த் கிளாம்பைப் (மிஷினின் இன்னொரு கேபிளை இரும்போடு கவ்வும் கிளிப்) பாருங்கள். பெயின்ட் மேலோ துரு மேலோ கவ்வியிருக்கும். மழைக்காலத்தில் பாக்கெட் பிரித்து வைத்த ராடு ஈரம் இழுத்திருக்கும். இந்த இரண்டும் சரியாக இருந்து, அப்போதும் ஒட்டினால் ஏற்றலாம்.

பளபளப்பைப் பார்த்து வெல்டிங்கை மதிப்பிடாதீர்கள். இரண்டு பட்டையை டி வடிவில் நிறுத்தி ஒரு பக்கம் மட்டும் பற்றவைத்து, ஆறியதும் வைஸில் பிடித்து, வெல்டிங் உள்ள பக்கமாகவே அடித்து மடக்கி உடையுங்கள். உடைந்த இடத்தில் கறுப்புக் கசடோ, மூலையில் உருகாத பழைய விளிம்போ தெரிந்தால் மேலே எவ்வளவு அழகாக இருந்தாலும் அது பிடிக்கவில்லை.

துத்தநாகம் பூசிய ஜி.ஐ. பைப்பில் பழகக் கூடாது. துத்தநாகப் புகையை இழுத்தால் சில மணி நேரத்தில் குளிரும் காய்ச்சலும் வரும். பால் குடித்தால் சரியாகும் என்பதை நம்ப வேண்டாம். பூச்சில்லாத கறுப்பு எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல்) பைப்பே வாங்குங்கள். அப்புறம், கிரைண்டரை மிஷின் பக்கத்தில் ஓட்டாதீர்கள், இரும்புத் தூளை ஃபேன் உள்ளே இழுத்து போர்டை ஷார்ட் ஆக்கிவிடும். சிமென்ட் தரைமேல் நேராக வைத்தும் வெல்டிங் செய்யாதீர்கள், சூட்டில் தரை வெடித்துத் தெறிக்கும். சுற்றிலும் 10 மீட்டருக்குள் ஓலை, சாக்கு, பெட்ரோல் உள்ள பைக் இருக்கக் கூடாது. முடித்த பிறகு ஒரு மணி நேரமாவது அந்த இடத்தில் ஒரு கண் இருக்கட்டும்.

நன்றாகக் கை வந்த பிறகும் சில வேலைகளை வீட்டில் எடுக்காதீர்கள். காலி டீசல் டிரம், பெட்ரோல் டேங்க் ஆகியவற்றைக் கழுவியாயிற்றே என்று தொட வேண்டாம், உள்ளே மிஞ்சிய ஆவியே வெடிக்கப் போதும். வண்டி சேசிஸ், மாடிப்படி, பால்கனிக் கைப்பிடி, ஊஞ்சல் கொக்கி என ஆள் பாரம் தாங்க வேண்டிய எதையும் அனுபவமுள்ள வெல்டரிடம் கொடுங்கள்.