நூல் புழுவைத் தேடுவோர் செய்யும் தவறுகள்

பழைய அரிசி மூட்டையைப் பிரித்தால் அந்து பறக்கும். அந்தப் பழக்கத்தில்தான் சிறிய பழுப்புப் பூச்சி எதைக் கண்டாலும் நம் கை ஓங்கிவிடுகிறது. நியூசிலாந்தில் அந்தக் கையை அடக்கிக்கொள்ள வேண்டும். அங்கே சுமார் 2000 வகை அந்துப்பூச்சிகள் உண்டு. பத்தில் ஒன்பது வேறெந்த நாட்டிலும் இல்லாதவை. பெரும்பாலானவற்றுக்கு நம் துணியும் தானியமும் தேவையே இல்லை.

அவற்றில் என் மனத்தைப் பறித்தது ஹூடினியா ஃபிளெக்சிலிசிமா. 2006இல்தான் இதற்கு அறிவியல் பெயர் கிடைத்தது. சங்கிலிகளிலிருந்து நழுவி வெளிவந்த வித்தைக்காரர் ஹூடினியின் பெயரோடு, ‘மிக மிக வளையக்கூடியது’ என்ற பொருளுள்ள சொல்லும் சேர்ந்தது. இந்த அந்துப்பூச்சியின் புழு அவ்வளவு ஒல்லி! ‘ஃபிரெட் த திரெட்’ என்பது செல்லப்பெயர். திரெட் என்றால் நூல்.

இதைத் தேடுகிறவர்கள் முதலில் இலைகளைப் புரட்டுகிறார்கள். புழு அங்கே இருக்காது. நியூசிலாந்தின் வைகாட்டோ பகுதிச் சதுப்புகளில் ஸ்போரடான்தஸ் ஃபெருகினியஸ் என்ற செடி ஆளுயரத்தையும் தாண்டிக் கோரைபோல் வளர்கிறது. அதன் பச்சைத் தண்டுக்குள், மேல்தோலுக்குச் சற்றே அடியில், புழு தின்றுகொண்டே ஊர்ந்து செல்கிறது. தண்டை வெளிச்சத்தில் பிடித்து உற்றுப் பாருங்கள்: நூலிழைபோல் நெளிந்தோடும் ஒரு கோடு தெரியும். அந்தத் தடமே போதுமான அடையாளம். பலர் ஆர்வம் தாங்காமல் தண்டைக் கீறிப் பார்க்கிறார்கள். தயவுசெய்து கீறாதீர்கள், புழுவுக்கு வீடும் சோறும் அந்தத் தண்டுதான்.

இதைவிடப் பெரிய தவறு, பூச்சியை மட்டும் காப்பாற்றலாம் என்று நினைப்பது. இந்தச் செடி இயற்கையாக எஞ்சியிருப்பது கோப்புவாட்டாய், டோரேஹாப்பே, மோவானாட்டுவாட்டுவா ஆகிய மூன்று சதுப்புகளில் மட்டுமே. மற்றவை பால்மாடுகளின் மேய்ச்சலுக்காக வடிக்கப்பட்டுவிட்டன. பல ஆயிரம் ஹெக்டேர் பரந்திருந்த மோவானாட்டுவாட்டுவாவில் மிஞ்சியது சுமார் 100 ஹெக்டேர்தான். சதுப்புக்கு வேலி போட்டுவிட்டு, வேலிக்கு வெளியே வடிகால் வெட்டினால் பயனில்லை. நீர்மட்டம் இறங்கும், மக்காமல் சேர்ந்திருந்த தாவரப் படிவு காய்ந்து சுருங்கும், தரையே தாழ்ந்துவிடும்.

தீப்பிடித்த சதுப்பு மறுபடி பச்சையானதும் ‘எல்லாம் மீண்டுவிட்டது’ என்று கணக்கெடுப்பை முடித்துவிடுவது இன்னொரு தவறு. முதலில் தலைகாட்டுவது வேறு கோரை வகைகள். ஸ்போரடான்தஸ் விதையிலிருந்து முளைத்து, பல ஆண்டுகள் கழித்தே அடர்கிறது. அதுவரை அந்தப் பச்சைக்குள் நூல் புழு நுழைய ஒரு தண்டுகூடக் கிடைக்காமல் போகலாம்.