பஸ் ஓடாத நாளும் பாடசாலை நாள்தான்: ஒன்ராறியோவுக்குப் புதிதாக வரும் தமிழ்ப் பெற்றோருக்கு

ஊரில் மாரி மழை விடாமல் பெய்து வெள்ளம் நின்றால், பாடசாலைகளுக்கு விடுமுறை என்று அறிவிப்பு வரும். வானொலியில் அதைக் கேட்டுவிட்டுப் பிள்ளைகளை இன்னும் கொஞ்ச நேரம் படுக்க விடுவோம். அறிவிப்பே வராவிட்டாலும், பஸ் ஓடவில்லை என்றால் அன்றைக்குப் பள்ளிக்கூடம் இல்லை என்பது பெற்றோருக்கும் விளங்கும், அதிபருக்கும் விளங்கும். மறுநாள் எவரும் காரணம் கேட்பதில்லை. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் அந்த வழக்கம் செல்லாது. அதை நம்பி நடந்ததால் என் சிநேகிதி ஒருவரின் மகனுக்கு ஒரு முழு ஆண்டு வீணாகிப் போனது. இனி வருகிற குடும்பங்களுக்கு அப்படி நேரக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

பதிவு செய்யும் வேலையை விரிவாகச் சொல்லத் தேவையில்லை. பிள்ளையின் பிறப்பு அத்தாட்சி, குடிவரவுத் தாள்கள், தடுப்பூசி அட்டை, வீட்டு விலாசத்துக்கான ஆதாரம், ஊர்ப் பாடசாலையின் தேர்ச்சி அறிக்கைகள் ஆகியவற்றோடு போனால் காரியம் நடந்துவிடும். 6 வயதிலிருந்து 18 வயது வரை பாடசாலைக்குப் போவது சட்டப்படி கட்டாயம். அகதிக் கோரிக்கை முடிவாகாதவர்களும், கையில் எந்த வதிவிட அனுமதியும் இல்லாதவர்களும் அஞ்சவேண்டியதில்லை. 18 வயதுக்குக் குறைந்த பிள்ளையை, பிள்ளையின் அல்லது பெற்றோரின் குடிவரவு நிலையைக் காரணம் காட்டி அனுமதிக்காமல் விடக்கூடாது என்று மாகாணக் கல்விச் சட்டத்தின் 49.1ஆம் பிரிவு சொல்கிறது. உயர்நிலைப் பள்ளிக்குப் போகும் வயதுப் பிள்ளைகளை, பாடசாலைகளை நிர்வகிக்கும் பெரிய கல்விச் சபைகள் முதலில் தங்கள் வரவேற்பு நிலையத்துக்கு அழைத்து, ஆங்கிலமும் கணிதமும் எந்த மட்டத்தில் இருக்கின்றன என்று பார்ப்பது வழக்கம். ஊரில் படித்ததற்கு எத்தனை கிரெடிட் (ஒரு பாடத்தை முடித்ததற்குப் பதியப்படும் புள்ளி) கொடுப்பது என்பதை இங்குள்ள அதிபர் முடிவு செய்வார். உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழுக்கு 30 கிரெடிட் தேவை என்பதால், ஊரிலிருந்து கொண்டுவரும் ஒவ்வொரு தேர்ச்சி அறிக்கையும் பெறுமதியானது. அவற்றை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துக் கொண்டு வாருங்கள்.

இனிப் பனிக்காலத்துக்கு வருகிறேன். பாடசாலை பஸ்களை ஓட்டுவதா இல்லையா என்பதைப் போக்குவரத்துக்கென்று சபைகள் கூட்டாக வைத்திருக்கும் அமைப்பு, பகுதி பகுதியாகப் பார்த்து, விடியற்காலை 6 மணியளவில் அறிவிக்கும். பாடசாலையைத் திறப்பதா மூடுவதா என்பதைக் கல்விச் சபை தீர்மானிக்கும். ரொறன்ரோ வட்டாரத்தில் இவை இரண்டும் ஒன்றாக நடப்பது மிகவும் அரிது. 2022 ஜனவரி 17 அன்று கொட்டிய பனியில் ரொறன்ரோ வட்டாரப் பாடசாலைகள் மூடப்பட்டன. அப்படிப்பட்ட நாள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வந்தாலே பெரிது. மற்றக் காலைகளில் நீங்கள் கேட்கப்போவது, பஸ்கள் இரத்து, பாடசாலைகள் திறந்திருக்கும் என்ற ஒரே அறிவிப்பைத்தான். காலையில் பஸ் இரத்தானால் பின்னேரமும் பஸ் வராது என்பதையும் மறந்துவிடாதீர்கள். காலையில் காரில் கொண்டுபோய் விட்டவர்தான் பின்னேரமும் போய்க் கூட்டிவர வேண்டும்.

அப்படியான நாளில் பிள்ளையை வீட்டில் வைத்திருக்கும் உரிமை பெற்றோருக்கு உண்டு. வீதி ஆபத்தாக இருக்கிறது என்று நீங்கள் நினைத்தால் அனுப்பத் தேவையில்லை. சபைகளின் கொள்கைகளே அந்த முடிவைப் பெற்றோரிடம் விட்டிருக்கின்றன. ஆனால் அனுப்பவில்லை என்பதை அன்று காலையிலேயே பாடசாலையின் வரவுப் பதிவுத் தொலைபேசியிலோ செயலியிலோ காரணத்துடன் அறிவித்தாக வேண்டும். அறிவித்தால் அது காரணம் பதியப்பட்ட வராமை. அறிவிக்காவிட்டால் அது காரணமற்ற வராமை. இப்படிச் சிறிது சிறிதாகச் சேரும் காரணமற்ற வராமைகள் பிள்ளையின் பெயரோடு கணினியில் தங்கிவிடும். தொடர்ச்சியாக 15 பாடசாலை நாட்கள் அப்படிப் போனால் பதிவேட்டிலிருந்தே பெயர் எடுக்கப்படும் நிலையும் வரலாம்.

என் சிநேகிதியின் குடும்பம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ரொறன்ரோவுக்கு வெளியே ஒரு புறநகரில் நிலக்கீழ் வீடொன்றில் குடியேறியது. கணவன் மனைவி இருவருக்கும் இரவு வேலை; விடியற்காலையில் வீடு வந்து படுத்தால் தொலைபேசி அடித்தாலும் கேட்காது. மகனுக்கு 16 வயது. ஊரில் சாதாரண தரப் பரீட்சைக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தவன், கணிதத்தில் கெட்டிக்காரன். பஸ் இரத்து என்று தெரிந்த காலைகளில் ஊர் வழக்கப்படி அவன் வீட்டிலேயே இருந்தான். தடிமன், காய்ச்சல் என்று இன்னும் சில நாட்கள் போயின. எவரும் பாடசாலைக்கு அழைத்துச் சொல்லவில்லை, ஏனென்றால் சொல்லவேண்டும் என்று எவரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. பாடசாலையிலிருந்து வந்த தானியங்கி அழைப்புகள் ஆங்கிலத்தில் வந்தன. விற்பனைக்காரர்களின் அழைப்பென்று நினைத்து அவற்றை வெட்டிவிட்டார்கள்.

மாசி மாதத்தில் பாடசாலை அவர்களைக் கூட்டமொன்றுக்கு அழைத்தது. உப அதிபரும் வழிகாட்டல் ஆசிரியரும் மிகுந்த பண்போடு பேசினார்கள் என்று சிநேகிதி சொன்னார். மகனுக்கு வருகையில் சிரமம் இருக்கிறது, ஆங்கிலமும் கடினமாக இருக்கிறது, ஆகவே சிறிய வகுப்பும் நெகிழ்வான நேரமும் உள்ள மாற்றுக் கல்வித் திட்டமொன்று அவனுக்குப் பொருத்தமாக இருக்கும் என்றார்கள். மொழிபெயர்க்க ஆளில்லை, பெற்றோருக்கு மொழிபெயர்த்தவன் அந்த மகன்தான். பாடசாலையில் பெரியவர்கள் சொன்னால் அது பிள்ளையின் நன்மைக்குத்தான் என்று நம்பி வளர்ந்த நாங்கள், அவர்கள் காட்டிய இடத்தில் கையெழுத்து வைப்போம். அவர்களும் வைத்தார்கள். எனக்கு இன்றைக்கும் கோபம் தணியாத இடம் இதுதான். அந்த மேசையில் இருந்த எவரும், இந்தப் பிள்ளை ஊரில் என்ன படித்தான் என்று கேட்கவில்லை. பனி நாட்களைப் பற்றியும் கேட்கவில்லை.

சில கிழமைகள் கழித்து அவன் தன் கணிதத் தாளை என்னிடம் கொண்டுவந்து காட்டினான். பலசரக்குக் கடையின் விளம்பரத் தாளொன்று ஒட்டப்பட்டு, மூன்று பொருட்களின் விலையைக் கூட்டி, 20 வீதக் கழிவைக் கழிக்குமாறு கேட்கப்பட்டிருந்தது. ஊரில் இருபடிச் சமன்பாடுகளைத் தீர்த்துக்கொண்டிருந்த பிள்ளை அவன். தாளின் மேல் மூலையில் பாடக் குறியீடு இருந்தது: எம்ஏடி2எல் (MAT2L).

ஒன்ராறியோவில் எங்கள் பெற்றோர் கட்டாயம் வாசிக்கப் பழகவேண்டியது இந்தக் குறியீட்டில் இலக்கத்துக்கு அடுத்து வரும் ஐந்தாவது எழுத்தையே. 9ஆம் வகுப்பில் முன்பு இருந்த தரப் பிரிப்பை மாகாண அரசு 2021இல் கணிதத்திலும், 2022 செப்டெம்பரில் மற்றப் பாடங்களிலும் நீக்கிவிட்டது. வறிய குடும்பத்துப் பிள்ளைகளும் கறுப்பினப் பிள்ளைகளும் அளவுக்கு மிஞ்சிக் கீழ்த் தரப் பிரிவுகளுக்குத் தள்ளப்படுகிறார்கள் என்ற நீண்டகாலக் குற்றச்சாட்டே அதற்குக் காரணம். ஆனால் 10ஆம் வகுப்பில் பிரிப்பு இன்னும் இருக்கிறது. ஐந்தாவது எழுத்து டி (D) என்றால் கல்விசார் பாடம், பி (P) என்றால் செயல்முறைப் பாடம், எல் (L) என்றால் சபை தானே வகுத்த அடிப்படைப் பாடம். 11, 12ஆம் வகுப்புகளில் யூ (U) பல்கலைக்கழகத்துக்கானது, எம் (M) பல்கலைக்கழகத்துக்கும் கல்லூரிக்கும் பொதுவானது, சி (C) கல்லூரிக்கானது, ஈ (E) வேலைக்கு ஆயத்தப்படுத்துவது. ஊரில் உயர்தரத்தில் கணிதப் பிரிவா கலைப் பிரிவா என்று முடிவு செய்யும் அதே கனம் இந்த எழுத்துக்கு உண்டு, ஆனால் இங்கே அந்த முடிவு சத்தமில்லாமல் நடந்துவிடுகிறது. 10ஆம் வகுப்பில் எம்பிஎம்2டி (MPM2D) என்ற கல்விசார் கணிதத்தை எடுக்காத பிள்ளை 11ஆம் வகுப்பில் எம்சிஆர்3யூ (MCR3U) என்ற கணிதத்துக்கு நேராகப் போகமுடியாது; பொறியியல் படிக்கத் தேவையான 12ஆம் வகுப்புக் கணிதப் பாடங்களுக்கு நேர்வழி அதுதான். எல் என்று முடியும் கணிதத்திலிருந்து ஈ என்று முடியும் கணிதத்துக்குத்தான் பாதை போகிறது. பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்க 12ஆம் வகுப்பில் யூ அல்லது எம் என்று முடியும் ஆறு பாடங்கள் வேண்டும், அவற்றில் ஒன்று யூ தர ஆங்கிலம்.

மாற்றுக் கல்வியே கூடாது என்று நான் சொல்வதாக எவரும் எடுத்துக்கொள்ளவேண்டாம். ரொறன்ரோவில் 1968இல் தொடங்கிய சீட் (SEED), 1972இல் தொடங்கிய அல்ஃபா (ALPHA) போன்ற மாற்றுப் பாடசாலைகள், பெற்றோரும் மாணவரும் தாமே விரும்பித் தேடிப்போகும் இடங்கள். 2009இல் திறக்கப்பட்ட ஆபிரிக்க மையப் பாடசாலையும், தங்கள் பிள்ளைகளுக்கு அது வேண்டும் என்று ஒரு சமூகம் கேட்டுப் பெற்றது. பாடசாலையை விட்டே விலகப் பார்க்கும் 14 முதல் 17 வயது வரையான பிள்ளைகளுக்கு, மேற்பார்வையுடன் கூடிய மாற்றுக் கற்றல் என்ற ஏற்பாடு 374/10 என்ற மாகாண ஒழுங்குவிதியின் கீழ் இருக்கிறது. அது சில பிள்ளைகளைக் காப்பாற்றியும் இருக்கிறது. பனிக்குப் பயந்து வீட்டில் இருந்த, படிக்க ஆசையுள்ள பிள்ளைக்கு இவற்றில் எதுவும் தேவையில்லை. அவனுக்குத் தேவைப்பட்டவை வரவுப் பதிவுத் தொலைபேசி எண்ணும், ஈஎஸ்எல் (ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்பிக்கும்) வகுப்பும், எம்பிஎம்2டியும் மட்டுமே.

ஆகவே இப்படியொரு கூட்டத்துக்கு அழைக்கப்பட்டால், போவதற்கு முன்னரே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று மின்னஞ்சலில் கேளுங்கள். பெரிய சபைகள் கேட்டால் ஒழுங்கு செய்து தருகின்றன. பாடசாலைகளில் புதிய குடும்பங்களுக்காக மத்திய அரசின் பணத்தில் இயங்கும் குடியமர்வுப் பணியாளர்கள் இருக்கிறார்கள். எம்மவர் கூடுதலாக வாழும் இடங்களில் தமிழ் பேசுபவர்களும் இருக்கிறார்கள், அவர்களையும் கூட வரச் சொல்லுங்கள். உங்கள் பிள்ளையை உங்களுக்கு மொழிபெயர்ப்பாளராக இருத்தாதீர்கள். தன்னைப் பற்றிய குறைகளைத் தானே தாய்தகப்பனுக்குச் சொல்லவேண்டிய நிலையில் எந்தப் பிள்ளையும் முழுவதையும் சொல்லாது. கூட்டத்தில் கையெழுத்து வைக்காமல் தாளை வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். இந்தத் திட்டத்தில் என்னென்ன பாடங்கள், ஒவ்வொன்றின் குறியீடும் என்ன, பழைய பாடசாலைக்குத் திரும்பிவர என்ன வழி என்ற மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். 18 வயதுக்குக் குறைந்த பிள்ளையின் மாணவர் பதிவுக் கோவையைப் பார்க்கும் உரிமை பெற்றோருக்குச் சட்டப்படி உண்டு. அதைக் கேட்டு, ஊரின் தேர்ச்சி அறிக்கைகள் அதற்குள் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

சமத்துவக் கொள்கை உங்கள் கையில் இருக்கும் கருவி. 2009இலிருந்து ஒன்ராறியோவின் ஒவ்வொரு கல்விச் சபையும் சமத்துவமும் உள்ளடக்கமும் பற்றிய கொள்கையொன்றை எழுத்தில் வைத்திருக்க வேண்டும் என்பது 119ஆம் இலக்கக் கல்வி அமைச்சுச் சுற்றறிக்கையின் கட்டளை. அதை உங்கள் சபையின் இணையத்தளத்தில் தேடி எடுத்து, மின்னஞ்சல் எழுதும்போது கொள்கையின் பெயரைக் குறிப்பிட்டு எழுதுங்கள். பதில் வரும் வேகமே வேறாக இருக்கும். சமயத் திருநாளுக்குப் பிள்ளை வராமல் இருப்பதையும் கல்விச் சட்டமே ஏற்றுக்கொள்கிறது. தீபாவளிக்கோ சிவராத்திரிக்கோ பிள்ளையை நிறுத்தி, காய்ச்சல் என்று பொய் சொல்லும் குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். ஜனவரியைத் தமிழ் மரபுரிமை மாதமாக 2014இல் சட்டம் இயற்றி ஏற்ற மாகாணம் இது. உள்ள காரணத்தை உள்ளபடி நிமிர்ந்து சொல்லுங்கள்.

அதிபரின் பதில் திருப்தியில்லை என்றால் அவருக்கு மேலே அந்தப் பகுதிக் கண்காணிப்பாளர் இருக்கிறார். வழமையாக உங்கள் தொகுதியின் கல்விச் சபை உறுப்பினரிடமும் போகலாம். ஆனால் ரொறன்ரோ பொதுக் கல்விச் சபை, ரொறன்ரோ கத்தோலிக்க சபை, டஃபரின்-பீல் கத்தோலிக்க சபை ஆகியவற்றை 2025 ஜூனில் மாகாண அரசு தன் மேற்பார்வையில் எடுத்து, உறுப்பினர்களின் அதிகாரத்தை நிறுத்திவைத்ததால், அங்கெல்லாம் கண்காணிப்பாளருக்கு எழுதுவதே பலன் தரும். இனம், பிறந்த நாடு, சமயம் காரணமாகப் பாகுபாடு நடந்ததென்று நீங்கள் கருதினால் மாகாண மனித உரிமைத் தீர்ப்பாயத்தில் முறையிடலாம். சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் முறையிட வேண்டும்.

சிநேகிதியின் மகனுக்காக நாங்கள் எழுதியது ஒரு பக்க மின்னஞ்சல். பனியால் பஸ் ஓடாத நாட்களையும் அவன் வராத நாட்களையும் எதிரெதிரே எழுதி, ஊரின் கணித மதிப்பெண்களை இணைத்து, அதிபருக்கும் கண்காணிப்பாளருக்கும் ஒன்றாக அனுப்பினோம். செப்டெம்பரில் அவன் வழமையான வகுப்புக்குத் திரும்பினான், ஆனால் எம்பிஎம்2டியை அங்கிருந்துதான் தொடங்கவேண்டியிருந்தது. தன்னோடு ஒத்த வயதினர் பல்கலைக்கழகத்துக்குப் போன ஆண்டில் அவன் இன்னும் 12ஆம் வகுப்பில் இருந்தான். அந்த ஆண்டை எந்த மின்னஞ்சலாலும் திருப்பி வாங்க முடியவில்லை.

அடுத்த ஆண்டுக்கான பாடத் தெரிவுப் படிவம் பெரும்பாலும் ஜனவரிக்கும் மார்ச்சுக்கும் இடையில், பனி உச்சத்தில் இருக்கும்போது வரும். பிள்ளை அதைக் கணினியில் தானே நிரப்பிவிடும். பெற்றோரின் ஒப்புதல் கடைசியில்தான் கேட்கப்படும். அந்தக் கிழமையில் ஒரு நாள் வேலைக்கு விடுப்பு எடுத்தாவது பக்கத்தில் இருந்து ஒவ்வொரு குறியீட்டின் ஐந்தாவது எழுத்தையும் வாசித்துப் பார்த்துவிட்டு ஒப்புதல் கொடுங்கள்.