குழந்தைக்கு வெயில் தொப்பி: தைக்கும்போதும் போடும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"போட்டுவிட்ட மறுநிமிஷமே பிடுங்கி எறிந்துவிடுகிறான்." குழந்தைக்குத் தொப்பி தைத்தவர்கள் அடிக்கடி சொல்லும் குறை இது. பிள்ளையின் பிடிவாதம் என்று விட்டுவிடாமல் தொப்பியை ஒருமுறை திருப்பிப் பாருங்கள். பெரும்பாலும் கோளாறு அளவில்தான் இருக்கும்.

வயதை வைத்து அளவு போடாதீர்கள். ஒரே வயதுப் பிள்ளைகளுக்குள்ளேயே தலைச் சுற்றளவு வேறுபடும். புருவத்துக்கு மேலே தொடங்கி, காதுக்குச் சற்று மேலாக, பின்தலை புடைத்திருக்கும் இடம் வழியாக டேப்பைச் சுற்றுங்கள். வரும் அளவோடு ஒன்று, ஒன்றரை சென்டிமீட்டர் சேர்த்தால் போதும். வளரும் பிள்ளைதானே என்று தாராளமாக விட்டால் தொப்பி கண்ணில் வந்து விழும், கை தானாக அதைத் தள்ளிவிடும்.

அளந்து வெட்டியும் இறுக்கமாக வருகிறதா? ஆறு துண்டு சேர்க்கும் தொப்பியில் இது சகஜம். தையலுக்கு 1 செ.மீ. விட்டுவிட்டு 1.2 செ.மீ. உள்ளே தைத்தால், ஒவ்வொரு துண்டிலும் இரு பக்கமும் சேர்த்து 4 மி.மீ. போய்விடும். ஆறு துண்டுக்கு 2.4 செ.மீ.! மிஷின் தட்டில் ஊசியிலிருந்து 1 செ.மீ. தள்ளி ஒரு டேப் ஒட்டி, அதன் ஓரமாகவே துணியை ஓட்டுங்கள். பருத்தித் துணியை வெட்டுவதற்கு முன்பே நனைத்துக் காயவைத்துவிடுங்கள். இல்லையென்றால் முதல் சலவையிலேயே சுருங்கிவிடும்.

துணியை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். புள்ளி புள்ளியாக வெளிச்சம் தெரிந்தால் வெயிலும் அப்படியே இறங்கும். நெருக்கமாக நெய்த பருத்திதான் நல்லது.

விளிம்பு ஐந்தாறு சென்டிமீட்டராவது இருக்கட்டும். உள்ளே கேன்வாஸ் (விறைப்புக்காக வைக்கும் தடித்த துணி) வைக்காமல் விட்டால் தொய்ந்து முகத்தை மூடும். தள்ளுவண்டியில் சாய்ந்திருக்கும் குழந்தைக்கு மட்டும் பின்பக்க விளிம்பு விறைப்பாக இருக்கக் கூடாது. தலை சாயும்போது அது தொப்பியை முன்னே தள்ளிவிடும். அங்கே கழுத்தை மூடும் மெல்லிய துணி தொங்கினால் போதும்.

அப்புறம் நாடா. என்னைக் கேட்டால், இதில்தான் அதிகக் கவனம் வேண்டும். தாடைக்குக் கீழே முடிச்சுப் போட்ட நாடா, சறுக்குமரத்திலோ கிளையிலோ மாட்டினால் கழுத்தை இறுக்கிவிடும். நாடாவை இரண்டாக வெட்டி, நடுவில் சிறு வெல்க்ரோ வையுங்கள். தைத்து முடித்ததும் நீங்களே வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள். உடனே பிரிய வேண்டும். பிரியாவிட்டால் வெல்க்ரோவைப் பாதியாக நறுக்குங்கள். குழந்தை தூங்கிவிட்டால் தொப்பியையே கழற்றிவிடுங்கள்.

வெயிலில் நின்று அழும் பிள்ளைக்குத் தொப்பி மாட்டுவது வீண்பாடு. வாசலைத் தாண்டும் முன்பே, செருப்பு போடும்போதே போட்டுவிடுங்கள். நீங்களும் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். கழற்றினால் அதட்டாமல் திரும்ப வையுங்கள். நாலைந்து நாள் இப்படியே செய்தால் பல பிள்ளைகள் பழகிவிடுகிறார்கள். ஆறு மாதம் நிறையாத குழந்தையை மட்டும், தொப்பி இருந்தாலும், நேர் வெயிலில் காட்டவே வேண்டாம்.